கிரணின் செல்களைப் பூட்டி வைத்தவர்கள்

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் யசோதாவின் குரல் தெரியாதவர்கள் குறைவு. கன்னடத்தில் ஏறச் சொல்லி, தமிழில் உள்ளே நகரச் சொல்லி, உருதுவில் இறங்கச் சொல்லி, பதினெட்டு வருஷமாக அரசு பஸ்ஸில் கண்டக்டராக ஓடிக்கொண்டிருக்கிறாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனபின் பஸ்ஸில் நிற்க இடம் கிடையாது. அந்த நெரிசலிலும் கடைசி சீட்டில் தூங்குகிறவனை முன்வாசலில் நின்றபடியே எழுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள், மகன் கிரண் விஷயத்தில் மட்டும் பல வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாள். ஏனென்றால் அந்த விஷயத்தில் எல்லாரும் அவளைத்தான் குற்றம் சொன்னார்கள்.

அவள் கட்டிக்கொண்டது அம்மாவின் தம்பி முனிகிருஷ்ணனை. மர்ஃபி டவுனில் அடுத்தடுத்த வீடு. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். அவர் இந்திராநகரில் ஒரு அபார்ட்மெண்டுக்கு எலெக்ட்ரீஷியன். கிரண் எட்டு வயதில் மாடிப்படி ஏறும்போது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு ஏற ஆரம்பித்தான். பதிமூன்றில் சக்கர நாற்காலி. தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் பரம்பரை நோய் என்றும், அம்மாவும் அப்பாவும் ஆளுக்குப் பாதி கொடுத்தால்தான் வரும் என்றும், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அது அதிகம் வரும் என்றும் டாக்டர்கள் சொன்னார்கள். ஆளுக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதை உறவுக்காரர்கள் காதில் வாங்கவில்லை. முழுவதையும் யசோதாவின் தலையில் கட்டினார்கள்.

கிரணுக்குப் பதினாறு வயதாகும்போது டாக்டர் சுந்தரமூர்த்தி வந்தார். சர்ஜாபுரம் ரோட்டில் நேசரா நிலையம் என்று ஒரு ஆராய்ச்சி இடம். லாபத்துக்காக நடத்துவதில்லை, அறக்கட்டளை. அதில் அவர் ஒரு செல் வங்கி தொடங்கியிருந்தார். நோயாளியின் தோலில் ஒரு பருப்பளவு எடுத்து, அதிலுள்ள செல்களை வளர்த்து, அவற்றைத் தசைச் செல்களாகவே மாற்றிவிடலாம் என்றார். மருந்தை முதலில் அந்தச் செல்களின் மேல் போட்டுப் பார்க்கலாம். மனிதனை வதைக்க வேண்டியதில்லை. கிரணுக்கு இதனால் எதுவும் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப யாருக்குத்தான் கிடைக்கும்?" என்று யசோதா கேட்டாள்.

"இது எங்க சொத்து இல்லம்மா. எந்த ஊர் லேப் கேட்டாலும் கொடுப்போம். பூட்டி வெக்கறதுக்காக நாங்க வங்கி நடத்தல."

கிரண் சிரித்தான். "எனக்குத்தான் காலு வரல. என் செல்லாவது நாலு ஊரு சுத்திட்டு வரட்டும்மா" என்றான். யசோதா கையெழுத்துப் போட்டாள். அவளிடமிருந்து பிள்ளைக்குப் போனது கெட்டது மட்டும்தான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, யாருக்கோ உதவக்கூடிய ஒன்றும் அவளிடமிருந்து போனது அன்றைக்குத்தான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், கொரோனாவின் இரண்டாம் அலையில், கிரண் போய்விட்டான். ஏற்கெனவே பலமில்லாத நெஞ்சு, தாங்கவில்லை. மின் மயானத்தில் பெற்றவர்களைக் கிட்டே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, பெயர் கூப்பிடும்போது கை தூக்கியதோடு சரி.

அடுத்த வருஷம் நேசராவின் ஆண்டு விழாவுக்கு அவளை அழைத்தார்கள். சுந்தரமூர்த்தி ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். புது இயக்குநர் ராஜேஷ்குமார் யசோதாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மேடைக்குப் பின்னால் கிரணின் முகம் சுவரளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளை உலகத்துக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று இயக்குநர் பேசினார். யசோதா அழுதாள். அந்தச் சால்வையை மடித்து பீரோவில் வைத்தாள். மூன்று மாதம் வரைக்கும் யாரோடும் சண்டை போடவில்லை என்று டிப்போவில் சொல்வார்கள்.

உண்மை வெளியே வந்தது விவேக் நகரில். குழந்தை இயேசு கோவில் பக்கத்தில் ஒரு ஹால் உண்டு. இந்த நோய் வந்த குடும்பங்கள் அவ்வப்போது அங்கே கூடுவார்கள். பிள்ளை போன பிறகும் யசோதா போவதை விடவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் ஒரு கல்லூரி லேபில் இந்த நோயைப் பற்றி வேலை செய்யும் சிந்து என்ற பெண்ணைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வேறொரு வியாதிக்காக ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற ஒரு பழைய மருந்து இந்தத் தசைகளைக் காப்பாற்றுமோ என்று பார்க்கிற வேலை அது. பேசி முடித்ததும் ஒரு அப்பா, இத்தனை நாள் ஆகியும் ஏன் ஒன்றும் நகரவில்லை என்று கொஞ்சம் சலிப்பாகவே கேட்டார்.

சிந்து தயங்கினாள். இந்த நோய்க்கான சரியான செல் நாட்டிலேயே ஒன்றுதான் நன்றாக வளர்கிறது, அது நேசராவில் இருக்கிறது, பல தடவை எழுதிக் கேட்டும் தர மறுத்துவிட்டார்கள் என்றாள். ஒரு கம்பெனிக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டார்களாம். வேறு யாருக்கும் இனிமேல் கிடையாதாம்.

"யாரோட செல்லு அது?" என்று யசோதா எழுந்தாள்.

பெயர் சொல்ல மாட்டார்கள், நம்பர்தான் இருக்கும் என்றாள் சிந்து. "இரண்டாயிரத்துப் பதினாறுல, பெங்களூர்ல ஒரு பதினாறு வயசுப் பையன் கொடுத்தது."

அந்த வருஷம் அந்த நோய்க்காக அங்கே தோல் கொடுத்தது கிரண் ஒருவன்தான். ஹாலில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். யாரும் யசோதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்ததும் சிந்து அவளிடம் வந்து, தன் பெயரை அங்கே சொல்லிவிட வேண்டாம், நாளைக்கு வேறு எதற்காவது நேசராவிடம்தான் போய் நிற்க வேண்டும் என்று கெஞ்சினாள். யசோதாவுக்கு அதைக் கேட்டுத்தான் முதலில் வயிறு எரிந்தது. பூட்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கேட்ட பெண் பயந்துகொண்டு நிற்கிறாள்.

அந்த வாரமே லீவு போட்டு நேசராவுக்குப் போனாள். விழா அன்றைக்கு வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போன இடம். இப்போது செக்யூரிட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்று மூன்று தடவை கேட்டான். ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். டீ வேளை வந்து போனது, சாப்பாட்டு வேளை வந்து போனது. மத்தியானத்துக்கு மேல் ராஜேஷ்குமார் கூப்பிட்டார்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். மருந்து கண்டுபிடிப்பது சின்ன வேலை இல்லை, அதற்குக் கம்பெனி வேண்டும், எல்லாருக்கும் கிடைக்கிற பொருளை நம்பி எந்தக் கம்பெனியும் இறங்காது, ஆகவே அவர்களுக்கு மட்டும் என்று கொடுப்பதுதான் நோயாளிகளுக்கே நல்லது என்று விளக்கினார். அதில் கொஞ்சம் நியாயம் இருப்பது போலத்தான் யசோதாவுக்கும் முதலில் பட்டது. அடுத்து அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. அவளுக்கு ஏதாவது மனக்குறை இருந்தால் சொல்லலாம், அடுத்த விழாவில் ஒரு லேபுக்குக் கிரண் பெயரையே வைத்துவிடலாம் என்றார்.

"பேர் வெச்ச ரூமையும் பூட்டி வெப்பீங்களா சார்?" என்றாள்.

அவர் முகம் மாறியது. கையெழுத்துப் போடும்போதே அவள் அதை நேசராவுக்குக் கொடுத்துவிட்டாள், சட்டப்படி இனி அது நிலையத்தின் முடிவு என்றார்.

"உங்ககிட்ட குடுத்தேன். உங்களுக்குன்னு குடுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்காலம் சுந்தரமூர்த்திக்குப் போன் செய்தாள். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. கிரண் சிரித்தது வரை சொன்னார். ஒப்பந்தத்தைப் பற்றியும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் வெளியே வந்தவன் உள் விஷயத்தில் தலையிட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாராம். யசோதா போனை வைத்தாள். ராஜேஷ்குமார் மேல் வந்ததைவிட இவர் மேல் வந்த கோபம் பெரிது. அந்த மனுஷன் அவளுக்கு வாக்குக் கொடுத்தவனில்லை. இவர் கொடுத்தவர்.

விவேக் நகர் ஹாலின் சாவி கேரல் டீச்சரிடம் இருக்கும். கோவில் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இப்படிப்பட்ட நிலையங்களில் எத்திக்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கு அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதில் விஞ்ஞானியும் இல்லாத டாக்டரும் இல்லாத வெளி ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்று சட்டம். நேசராவில் அந்த வெளி ஆள் கேரல் டீச்சர்தான். சிந்து பேசியதைப் பின்வரிசையில் உட்கார்ந்து அவரும் கேட்டிருந்தார். யசோதா தேடி வந்தபோது அவர் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். அந்த ஒப்பந்தம் கமிட்டிக்கு வரவே இல்லை.

"அஞ்சு வருஷமா அங்க போய் பிஸ்கட் சாப்பிட்டுட்டு வந்திருக்கேன், அவ்வளவுதான் போலிருக்கு" என்றார்.

வழி ஒன்று இருக்கிறது என்றும் அவரே சொன்னார். கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். அவர் உயிரோடு இல்லையென்றால் அவருக்காகக் கையெழுத்துப் போட்ட பெற்றோர் கேட்கலாம். இது நேசராவின் சொந்த விதி. ஆனால் திரும்பப் பெறுவது என்றால் வீட்டுக்குக் கொண்டுபோவது இல்லை. மிச்சமிருக்கிற செல்களை எல்லாம் அழித்துவிடுவார்கள். எரிப்பார்கள்.

யசோதா வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். முனிகிருஷ்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே தட்டில் வைத்தார்.

"இன்னொரு தடவை அவனை எரிக்கணுமா?" என்றார்.

"பயமுறுத்தத்தான் மாமா."

"அவங்க சரின்னு சொல்லிட்டா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். அதற்கப்புறம் பல நாள் பேச்சு நின்றுபோனது. ஷிப்ட் நேரம் கேட்பார், கேஸ் வந்ததா என்று கேட்பார், அவ்வளவுதான்.

நேசராவுக்குத் தோலோ ரத்தமோ கொடுத்த மற்ற குடும்பங்களையும் பார்ப்பது என்று யசோதா முடிவு செய்தாள். வார லீவு நாட்களில் எலகங்கா போனாள், ஓசூர் போனாள், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அபார்ட்மெண்டின் பதினோராம் மாடிக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் பலர் அவளைப் போலவே கொதித்தார்கள். எல்லோரும் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டி கவியரசன், ஐ.டி. வேலைக்காரர், சேலத்துக்காரர், அவருடைய பெண் தீபிகாவுக்கு இதே நோய், நேசராவுக்கு ரத்தம் மட்டும் கொடுத்திருந்தாள். அவர் யசோதாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, உங்க பையன் போயிட்டான். என் பொண்ணு இருக்கா. கம்பெனி ஏதாவது செய்யும்னு இருக்கேன். அதையும் கெடுத்துடாதீங்க" என்றார்.

லிஃப்ட்டில் இறங்கும்போது அவளுக்கு அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை. பெற்றவர்களை இப்படி ஒருவர்மேல் ஒருவர் பாய வைத்துவிட்டு, பூட்டினவர்கள் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறார்களே என்றுதான் வந்தது.

கேரல் டீச்சர் விடாமல் எழுதி எழுதிக் கமிட்டியைக் கூட்ட வைத்தார். நீள மேஜை. ஒரு ஓரத்தில் யசோதா, அவள் பின்னால் அவளோடு வரச் சம்மதித்த ஏழு குடும்பங்கள். ராஜேஷ்குமார் தன் நியாயத்தைப் படம் போட்டுக் காட்டினார். கமிட்டியில் இருந்த வயதான வக்கீல் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, ஒப்பந்தம் போட்ட இந்த இரண்டு வருஷத்தில் கம்பெனி அந்தச் செல்லை வைத்து என்னென்ன செய்திருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

இயக்குநர் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டினார். கம்பெனி தற்போது வேறு வியாதிகளில் கவனம் செலுத்துகிறது, சரியான நேரத்துக்காகக் காத்திருக்கிறது என்றார். வக்கீல் அம்மா விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் கடைசியாக வந்தது இதுதான்: அனுப்பின செல்கள் அந்தக் கம்பெனியின் ஃப்ரீசரில் அப்படியே இருக்கின்றன. ஒரு குப்பிகூட வெளியே எடுக்கவில்லை. தாங்கள் செய்வதற்காக அல்ல, வேறொருவர் முந்திவிடக் கூடாது என்பதற்காக வாங்கி வைத்திருக்கிறார்கள்.

யசோதா பஸ்ஸில் பேசுகிற குரலிலேயே பேசினாள். அவளுக்கு வேறு குரல் கிடையாது.

"என் பையன் ஒரு இடத்துல ஒக்காந்தே செத்தான் சார். அவன் செல்லையும் அதே மாதிரி ஒக்கார வெச்சிட்டீங்க. திருச்சியில ஒரு பொண்ணு கேட்டுக்கினு நிக்குது. வேலை செய்யறேன்றவங்களுக்குக் குடுக்க மாட்டீங்க, செய்யாதவனுக்குக் குடுப்பீங்க. மேடையில மட்டும் உலகத்துக்கே குடுத்தான்னு சொல்லி எனக்குச் சால்வை போத்துவீங்க. கேட்டா எல்லாருக்கும் குடுங்க. இல்லைன்னா யாருக்கும் வேணாம், எடுத்துடுங்க."

அவளுக்குப் பின்னால் ஏழு குடும்பங்களும் தாங்கள் கொடுத்ததைப் பற்றி அதையே சொன்னார்கள். வக்கீல் அம்மா, தகப்பனாருக்கும் இதில் சம்மதமா, அவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல யசோதா வாயெடுத்தாள். கதவுக்கு வெளியே நாற்காலியில் முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். வேலைக்குப் போகிற சட்டையில், டெஸ்டர் பாக்கெட்டில் சொருகியபடி வந்திருந்தார். எப்போது வந்தாரோ.

உள்ளே வந்து நின்றார். நாலு பேர் முன்னால் அவருக்குப் பேச்சு வராது.

"அவ சொல்றதுதான். ஆனா எரிக்கறதா இருந்தா எங்களைக் கூப்பிடணும். போன தடவை எங்களைக் கிட்டக்க விடல. இந்தத் தடவை நாங்க பக்கத்துல நிக்கணும்."

அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. கேரல் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எதையும் அழிக்கக் கூடாது, ஒப்பந்தம் முழுவதும் கமிட்டி முன் வர வேண்டும், அதுவரை கம்பெனிக்குப் புதிதாக ஒன்றும் போகக் கூடாது என்று கமிட்டியினர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. எட்டுக் குடும்பமும் ஒரே பேச்சாக நின்றதால், கையில் ஒன்றுமே மிஞ்சாது என்ற நிலையில்தான் நேசரா இறங்கி வந்தது. கம்பெனியும் பெரிதாக மல்லுக்கு நிற்கவில்லை. அவர்களுக்கு அது ஃப்ரீசரில் கிடந்த ஒரு பெட்டி. மருந்து செய்து விற்கிற உரிமை வேண்டுமானால் தனியாகப் பேசிக்கொள்வது, ஆராய்ச்சிக்கு யார் கேட்டாலும் செல்லைக் கொடுத்துவிடுவது என்று ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். அதற்குள் சிந்துவுக்குக் கிடைத்திருந்த ஆராய்ச்சி நிதியின் காலம் முடிந்து, கூட வேலை செய்த பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். சிந்து மறுபடி முதலிலிருந்து எழுதி, மறுபடி ஆள் தேட வேண்டியிருந்தது. உலர் பனிக்கட்டிப் பெட்டியில் கிரணின் செல்கள் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பூனாவிலிருந்தும் மணிப்பாலிலிருந்தும் இரண்டு லேப்கள் கேட்டிருப்பதாக அவள் போனில் சொன்னாள். அந்த மருந்து வேலை செய்யுமா என்று இன்னும் தெரியாது. தெரிய இன்னும் நாள் ஆகும். தெரியாமலே வீணாய்ப் போன வருஷங்களுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ராஜேஷ்குமார் வேறு ஊரில் இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார். வழியனுப்பு விழா நடந்தது. அவருக்கும் சால்வை போர்த்தியிருப்பார்கள்.

கவியரசன் ஒருநாள் போன் செய்தார். தீபிகாவின் தோலையும் கொடுக்கலாமா என்று கேட்டார். முன்பு பேசியதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, யசோதாவும் கேட்கவில்லை. கொடுங்கள், ஆனால் யாரெல்லாம் கேட்டால் கொடுப்பார்கள் என்பதை அவர்கள் வாயால் சொல்லவைத்து, எழுத்திலும் வாங்கிக்கொண்டு கொடுங்கள் என்றாள். பேச்சை மட்டும் நம்பினால் சொன்னவர் ஒருநாள் கோயம்புத்தூர் போய்விடுவார் என்றாள்.

போன வாரம் முனிகிருஷ்ணன் போனில் எதையோ பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். நேசரா தன் இணையப் பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தது. விஞ்ஞான வளங்களை உலகத்தோடு தடையின்றிப் பகிர்வது தொடக்கம் முதல் எங்கள் மரபு, அந்த மரபின்படி இந்தத் தசைநோய்ச் செல்களையும் இப்போது அனைவருக்கும் மனமுவந்து வழங்குகிறோம் என்று இருந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு, "நம்ம பேரே இல்லையே" என்றார்.

"பேர் இல்லாதது பெரிசில்ல மாமா. மனமுவந்து குடுக்கறாங்களாமே, அதைத்தான் விடக் கூடாது" என்றாள் யசோதா.

திங்கட்கிழமை டிப்போவில் லீவு சொல்லிவிட்டுச் சர்ஜாபுரம் பஸ் ஏறினாள். அந்த வரியை எடுக்க வைக்காமல் திரும்புவதில்லை என்று கேரல் டீச்சரையும் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை முனிகிருஷ்ணனும் வந்தார்.